சாவி என் பையில் இருந்தது

கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த முதல் நாள். தோழியர் ஒவ்வொருவரும் தாம் சென்று வந்த ஊர்களைப் பற்றிச் சொல்லி மகிழ்ந்துகொண்டிருந்தனர். ஒருத்தி ஏற்காட்டுக்குச் சென்றிருந்தாள். ஒருத்தி கொடைக்கானலுக்கு. இன்னொருத்தி பாட்டி வீட்டுக்குத் தஞ்சாவூர் போய்ப் பெரிய கோயிலைப் பார்த்து வந்தாள். என் முறை வந்தபோது, "நான் அப்பாவோடு சிப்காட்டுக்குப் போனேன்" என்றேன். வகுப்பே கொல்லென்று சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்வார்கள்? சிதம்பரம் போகும் பஸ் சிப்காட் பக்கம் வந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் அல்லவா நாம்!

ஆனாலும் அந்த ஒரு சனிக்கிழமையில் நான் கற்றுக்கொண்டதை எந்த மலைவாசத் தலமும் எனக்குக் கற்றுத் தந்திருக்காது. அதனால்தான் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் இதையே எழுத முடிவு செய்தேன்.

என் அப்பா ஒரு மெக்கானிக். கடலூர் முதுநகரில் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், மருந்து தெளிக்கும் இயந்திரம் என்று எது வந்தாலும் பார்ப்பார். அவருடைய இடக்கைச் சுட்டுவிரல் மற்ற விரல்களைவிட ஒரு கணு குறைவாக இருக்கும். சிறு வயதில் நான் கேட்டபோதெல்லாம், "இயந்திரம் தின்றுவிட்டது" என்று சொல்லிச் சிரித்துவிடுவார். அதற்கு மேல் சொன்னதில்லை.

மே மாதம், கத்திரி வெயில். சிப்காட்டில் உள்ள ஒரு தொழிற்சாலையிலிருந்து புல் வெட்டும் வண்டி பழுது என்று அப்பாவுக்கு அழைப்பு வந்தது. பட்டறையில் உதவிக்கு இருக்கும் அண்ணன் அன்று ஊரில் இல்லை. "வண்டியோடு வந்த புத்தகம் இங்கிலீஷில் இருக்கிறதாம். நீ வந்து படித்துச் சொல்கிறாயா?" என்று அப்பா என்னைக் கேட்டார். அம்மாவுக்குச் சம்மதமில்லை. "வயசுப் பெண்ணை அங்கெல்லாம் எதுக்குக் கூட்டிக்கிட்டுப் போறீங்க?" என்றார். "படிக்கிற பிள்ளை. கண்ணால் பார்க்கட்டுமே" என்று அப்பா சொன்னதோடு பேச்சு முடிந்தது.

காலை எட்டு மணிக்கு அப்பாவின் மொபெட்டில் புறப்பட்டோம். முதுநகரைத் தாண்டித் தெற்கே போகப் போக, சாலையின் கிழக்குப் புறத்தில் தொழிற்சாலைகள் வரிசையாக வரும். அவற்றுக்குப் பின்னால் உப்பனாறு ஓடுகிறது. குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம், சங்கொலிக்குப்பம் என்று அந்தப் பக்கத்து ஊர்ப் பெயர்கள் பெயர்ப்பலகையில் தெரியும். தமிழக அரசு 1971-ஆம் ஆண்டில் தொடங்கிய தொழில் முன்னேற்ற நிறுவனத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமே சிப்காட் என்று அப்பா வழியில் சொன்னார். இரசாயனப் பொருள்கள் செய்யும் ஆலைகளே அங்கு மிகுதி. உப்புக் காற்றும் மருந்து வாடையும் கலந்து மூக்கில் ஏறும்.

வாசலில் காவலர் எங்கள் இருவர் பெயரையும் எழுதிக்கொண்டு சீட்டுக் கொடுத்தார். ஆலைக்குள்ளே நாங்கள் போகவில்லை. அலுவலகக் கட்டடத்தின் முன்னால்தான் எங்களுக்கு வேலை. அங்கே பச்சைப் பாய் விரித்தாற்போல் பெரிய புல்வெளி. ஒரு வாகை மரத்தடியில் அந்த வண்டி நின்றது. சிறிய டிராக்டர் போல் இருந்தது. ஓட்டுபவர் ஏறி அமர்ந்து ஸ்டீயரிங் பிடித்து ஓட்ட வேண்டும். வயிற்றுக்கு அடியில் கவிழ்த்த தாம்பாளம் போல ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள்ளே கத்திகள்.

பக்கத்தில் நின்றிருந்த தோட்டக்காரருக்கு அறுபது வயது இருக்கும். அப்பா அவரை "அண்ணே" என்று அழைத்ததால் நான் "பெரியப்பா" என்றேன். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"தம்பி, காலையில நல்லா வெட்டுது. அரை மணி நேரம் ஓடின பிறகு கத்தியை ஒரு தடவை நிறுத்திட்டேன்னா, மறுபடி பிடிக்கவே மாட்டேங்குது. போய் மேற்பார்வை சாரைக் கூட்டிக்கிட்டு வந்தா, அதுக்குள்ள நல்லாயிடுது. அவர் எதிர்ல ஜம்முனு சுத்துது. வேலை செய்ய உடம்பு வணங்காம நான் சாக்கு சொல்றேன்னு நினைக்கிறாங்க. அடுத்த மாசத்துலேர்ந்து வேற ஆளைப் போடப் போறாங்களாம்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. அப்பா உடனே ஸ்பேனரை எடுக்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்து அவரிடம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எத்தனை நிமிடம் ஓடிய பிறகு? ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கிறதா, நிறுத்திவிட்டுப் போட்டால்தான் பிடிப்பதில்லையா? ஆறிய பிறகு எவ்வளவு நேரத்தில் பிடிக்கிறது? ஒரு மருத்துவர் நோயாளியிடம் கேட்பது போல இருந்தது. கடைசியில், "அண்ணே, நீங்க சொல்றது அத்தனையும் உண்மை. இது இப்படித்தான் கெட்டுப்போகும்" என்றார். பெரியப்பா நிமிர்ந்து பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

தோழியரே, இந்த வண்டியில் கத்தியைச் சுழற்றுவதும் நிறுத்துவதும் ஒரு கிளட்ச். அது காலால் மிதிக்கும் கிளட்ச் அன்று, மின்காந்தத்தால் இயங்குவது. எஞ்சினின் அடியில் உருளை வடிவில் இருக்கும். அதில் மூன்று உறுப்புகள் முக்கியம். ஒன்று, செப்புக் கம்பி சுற்றிய காயில். அது சுழலாது. இரண்டாவது, எஞ்சினோடு சேர்ந்து எந்நேரமும் சுழலும் வட்டு. மூன்றாவது, கத்திகளின் பெல்ட்டை இழுக்கும் புல்லியோடு சேர்ந்த தட்டு. ஸ்விட்சைப் போட்டால் காயிலில் மின்சாரம் பாய்ந்து காந்தமாகும். அந்தக் காந்தம் தட்டை இழுத்துச் சுழலும் வட்டோடு ஒட்டவைக்கும். கத்தி சுழலும். ஸ்விட்சை அணைத்தால் வில் சுருள்கள் தட்டைப் பின்னுக்கு இழுத்து ஒரு பிரேக்கில் அழுத்தும். சில நொடிகளில் கத்தி நிற்கும்.

வட்டுக்கும் தட்டுக்கும் நடுவே, கத்தி ஓடாதபோது, மிகச் சிறிய இடைவெளி இருக்க வேண்டும். எவ்வளவு என்று புத்தகத்தில் தேடிப் படித்துச் சொன்னேன். ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். நம் கட்டைவிரல் நகத்தின் கனம்தான் இருக்கும்! எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, அதுபோலப் பல வருடம் உரசி உரசித் தேய்ந்ததில் அந்த இடைவெளி பெரிதாகியிருக்கும் என்றார் அப்பா.

முதலில் பெரியப்பா வண்டியை ஓட்டினார். முப்பத்தைந்து நிமிடம் கழித்து கத்தியை நிறுத்தி மறுபடி ஸ்விட்சைப் போட்டார். பிடிக்கவில்லை! மேற்பார்வையாளரை அழைத்துக் காட்டலாம் என்று ஓடினார் பெரியப்பா. அவர் கூட்டத்தில் இருந்தார். அப்பா எஞ்சினை அணைத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் காயிலின் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்தார். 3.5 ஓம். ஒன்றரை மணி நேரம் ஆறிய பிறகு அளந்தபோது 2.8 ஓம். என்னைக் கணக்குப் போடச் சொன்னார். பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதி எவ்வளவு உதவியது, தெரியுமா! 12 வோல்ட்டை 2.8-ஆல் வகுத்தால் சுமார் 4.3 ஆம்பியர், 3.5-ஆல் வகுத்தால் 3.4 ஆம்பியர். சூடேறிய செம்பு மின்சாரத்தை அதிகம் தடுக்கிறது. மின்சாரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் காந்தத்தின் இழுவிசை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். இடைவெளி சரியாக இருந்திருந்தால் மிச்சமிருக்கும் பலமே போதும். தேய்ந்து அகன்ற இடைவெளியைத் தாண்டி இழுக்கத்தான் போதவில்லை. ஒருமுறை ஒட்டிக்கொண்டால் இடைவெளியே இல்லை, ஆகவே ஓடிக்கொண்டிருக்கும்வரை தெரியாது. நிறுத்திவிட்டுப் போடும்போதுதான் வண்டவாளம் வெளியாகும். ஆறிப் போனால் மீண்டும் நல்ல பிள்ளை. பெரியப்பா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

வேலையைத் தொடங்குமுன் அப்பா இருக்கைக்கு அடியில் பார்த்தார். அங்கே ஒரு சிறிய ஸ்விட்ச் இருக்கிறது. கத்தி சுழலும்போது ஓட்டுபவர் இருக்கையை விட்டு எழுந்தால் அது கத்தியை நிறுத்திவிடும். அந்த ஸ்விட்சின் இரண்டு முனைகளையும் யாரோ ஒரு கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

"இது யார் செய்த வேலை அண்ணே?" என்றார் அப்பா.

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நான்தான் தம்பி. ஓலை மட்டை, கல்லு கிடந்தா இறங்கி எடுக்கணும். இறங்கினா கத்தி நின்னுடும். நின்னா மறுபடி பிடிக்காது. அப்புறம் வேலை நடக்கலைன்னு திட்டு விழும். அதனால நிக்காம இருக்கட்டும்னு..."

அதாவது, கத்தி சுழன்றுகொண்டிருக்கும்போதே அவர் இறங்கி, வண்டியின் முன்னால் குனிந்து மட்டையை எடுத்திருக்கிறார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்பா கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் கோபிக்கவில்லை. "இடைவெளி சரியானதும் இந்தக் கம்பிக்கு வேலை இருக்காது அண்ணே" என்று மட்டும் சொன்னார்.

பிறகு பேட்டரிக் கம்பியைக் கழற்றினார். ஸ்பார்க் பிளக்கின் கம்பியையும் கழற்றினார். வண்டிச் சாவியை எடுத்து என் கையில் கொடுத்து, "இதைப் பையில் வைத்துக்கொள். யார் கேட்டாலும் கொடுக்காதே. நானே கேட்டாலும், என் இரண்டு கையையும் கண்ணால் பார்த்த பிறகு கொடு" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. கம்பிகளைத்தான் கழற்றியாயிற்றே, இது என்ன விளையாட்டு என்று நினைத்தேன்.

அப்பா புல்லில் சாக்கு விரித்து மல்லாந்து படுத்துக் கையை அடியில் விட்டு, பெல்ட்டைக் கிளட்சிலிருந்து கழற்றினார். கிளட்சைச் சுற்றி மூன்று இடங்களில் சிறு ஜன்னல்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஜன்னலுக்கும் அருகே ஒரு நட்டு. ஃபீலர் கேஜ் என்று ஒரு கருவி. விசிறி போல் விரியும் மெல்லிய தகடுகள். ஒவ்வொரு தகட்டிலும் அதன் கனம் பொறித்திருக்கும். முதல் ஜன்னலில் 0.8 மில்லிமீட்டர் தகடு தாராளமாக நுழைந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவது ஜன்னல் எட்டாத இடத்தில் இருந்தது. அப்பாவின் முரட்டு விரல்கள் அங்கே போகவில்லை. "நீ வா" என்றார். நானும் படுத்து, 0.4 தகட்டை அந்த ஜன்னலில் நுழைத்துப் பிடித்தேன். அப்பா நட்டைச் சிறிது சிறிதாக இறுக்கினார்.

"தகட்டை இழுத்துப் பார். எப்படி இருக்கிறது?"

"லேசாக வருகிறது அப்பா."

"இப்போது?"

"லேசாகப் பிடிக்கிறது. ஆனால் வருகிறது."

"அதுதான். அதற்கு மேல் இறுக்கக் கூடாது. இறுக்கினால் கத்தி நிற்க வேண்டிய நேரத்தில் நிற்காமல் உரசும்."

ஒரு நட்டை இறுக்கினால் மற்ற இரண்டும் மாறின. ஆகையால் ஒன்று, இரண்டு, மூன்று என்று சுற்றிச் சுற்றி வந்தோம். நான்கு சுற்றுக்குப் பிறகே மூன்று ஜன்னல்களிலும் தகடு ஒரே மாதிரி பிடித்தது.

அப்பா எழுந்து பேட்டரிக் கம்பியை மாட்டினார். ஸ்விட்சைப் போட்டுக் காந்தம் இழுக்கிறதா என்று பார்ப்பதற்காக. பிறகு ஏதோ நினைத்துக்கொண்டு, "கடைசியாக ஒரு முறை அளந்துவிடுகிறேன்" என்று வண்டியின் மறுபுறம் போய்ப் படுத்தார். பெரியப்பா தண்ணீர் கொண்டுவரச் சென்றிருந்தார். அந்தச் சமயம் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதத் தொடங்கியது.

மேற்பார்வையாளர் அலுவலகத்திலிருந்து விரைவாக வந்தார். வண்டிக்கு இந்தப் பக்கம் நான் மட்டும் நின்றேன். "வேலை முடிஞ்சுதா? இதுல ஒரு கோளாறும் கிடையாது. இப்பப் போட்டுக் காட்டறேன், பார். சாவி எங்கம்மா?" என்று கையை நீட்டினார்.

என் கை தானாகப் பைக்குள் போயிற்று. தோழியரே, நான் எப்படிப்பட்டவள் என்று உங்களுக்குத் தெரியும். பெரியவர்கள் ஒன்று கேட்டால் மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. சாவியைத் தொட்டும் விட்டேன். அப்போதுதான் அப்பாவின் இரண்டு கைகளும் என் கண்ணில் படவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

"அப்பாவுடைய கையைப் பார்க்காமல் கொடுக்கக் கூடாது சார்" என்றேன்.

சங்கின் ஓசையில் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலும். "என்னது? கொடும்மா, எனக்கு நேரமாச்சு" என்றார் கடுமையாக.

"கொடுக்க மாட்டேன் சார்."

சொல்லிவிட்டேனே தவிர, கால்கள் நடுங்கின. அவர் முகம் சிவந்தது. அதே நேரத்தில் சங்கு நின்றது. வண்டிக்கு அடியிலிருந்து, "யாரும்மா அங்கே?" என்று அப்பாவின் குரல் கேட்டது.

மேற்பார்வையாளர் சுற்றி வந்து பார்த்தார். அப்பாவின் வலக்கை தோள்வரை வண்டிக்கு அடியில் இருந்தது. விரல்கள் கிளட்சின் ஜன்னலில். பிளக் கம்பி இல்லாததால் எஞ்சின் எரியாதுதான். ஆனால் சாவியைத் திருப்பியிருந்தால் ஸ்டார்ட்டர் எஞ்சினைச் சுழற்றியிருக்கும். அதோடு அந்த வட்டும் சுழன்றிருக்கும். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு மெதுவாக, "நான் கவனிக்கலைம்மா" என்றார்.

அப்பா எழுந்து வந்து இரண்டு கைகளையும் எனக்கு விரித்துக் காட்டினார். சாவியைக் கொடுத்தேன்.

அதன்பின் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இருக்கையின் கீழிருந்த கம்பியை அப்பா வெட்டி எடுத்து, ஸ்விட்சைப் பழையபடி இணைத்தார். பெல்ட்டை மாட்டி, பிளக் கம்பியைச் செருகி, எஞ்சினைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுக் கத்தியைப் பத்து முறை போட்டு எடுத்தார். நிறுத்தும்போதெல்லாம் நான் நொடிகளை எண்ணினேன். மூன்று எண்ணுவதற்குள் நின்றது. உச்சி வெயிலில் பெரியப்பா ஒரு மணி நேரம் ஓட்டினார். மேற்பார்வையாளர் பக்கத்திலேயே நின்றார். பெரியப்பா எத்தனை முறை நிறுத்திப் போட்டாலும் பிடித்தது. புதுக் கிளட்சு வாங்க வேண்டியதில்லை.

கூலியோடு அப்பா இன்னொன்றும் கேட்டார். பராமரிப்புப் பதிவேட்டில் மேற்பார்வையாளர், "கிளட்ச் இடைவெளி சரி செய்யப்பட்டது" என்று எழுதினார். "ஓட்டுகிறவர் மேல் தவறில்லை என்றும் ஒரு வரி எழுதுங்கள் சார்" என்றார் அப்பா. அவர் சற்று யோசித்தார், எழுதினார். நான் என் பங்குக்குப் புத்தகத்தில் உள்ள எச்சரிக்கைகளைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். இறங்கும் முன் கத்தியை நிறுத்த வேண்டும். கத்தி நிற்கும்வரை எழுந்திருக்கக் கூடாது. அடியில் கை விடும் முன் சாவியை எடுத்துவிட வேண்டும். பிளக் கம்பியைக் கழற்ற வேண்டும். இத்தனை நாளும் அந்தப் புத்தகம் அலுவலக அலமாரியில் ஆங்கிலத்திலேயே தூங்கிக்கொண்டிருந்தது.

பள்ளி நூலகத்தில் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். புல் வெட்டும் இயந்திரத்தை 1830-இல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் கண்டுபிடித்தார். துணி ஆலையில் கம்பளித் துணியின் பிசிறைச் சீவும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணம் தோன்றியதாம். மின்காந்தத்தை 1825-இல் செய்து காட்டியவர் வில்லியம் ஸ்டர்ஜன். அப்பா சாவியை என்னிடம் கொடுத்ததும் அவருடைய சொந்த விளையாட்டு அன்று. பெரிய ஆலைகளில் பழுது பார்ப்பவர் ஸ்விட்சைத் தம் சொந்தப் பூட்டால் பூட்டிச் சாவியைத் தம்மிடமே வைத்துக்கொள்வார். அமெரிக்காவில் 1989-இல் இதற்கென்றே விதி வகுத்தார்கள். சுழலும் இயந்திரங்களுக்குத் தடுப்பு வேலி வேண்டும் என்பதை நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே வலியுறுத்தியது. எத்தனை பேர் கைகளை இழந்த பிறகு இந்த விதிகள் பிறந்தனவோ!

மாலையில் திரும்பி வரும்போது உப்பனாற்றுப் பக்கமிருந்து காற்று வீசியது. நான் அப்பாவின் பின்னால் உட்கார்ந்து, "பெரியவர்களை எதிர்த்துப் பேசிவிட்டேனே அப்பா, தப்பா?" என்று கேட்டேன். அவர் சிறிது தூரம் பேசாமலே ஓட்டினார். பிறகு இடக்கையைத் தூக்கி அந்தக் குறை விரலைக் காட்டினார்.

"அன்றைக்குச் சாவி யாரிடமும் இல்லையம்மா" என்றார்.

கீழ்ப்படிதல் என்றால் கேட்டதையெல்லாம் கொடுப்பது என்று அதுவரை எண்ணியிருந்தேன். நம்மை நம்பி ஒருவர் ஒன்றை ஒப்படைத்திருக்கும்போது, "கொடுக்க மாட்டேன்" என்று சொல்வதும் கீழ்ப்படிதல்தான் என்பதை அந்தப் புல்வெளியில் கற்றேன். இப்போதும் யாராவது அவசரப்படுத்தினால் என் கை சட்டைப் பையைத் தொட்டுப் பார்க்கிறது.